பஜ்ஜி பேப்பரில் ஒரு பயோடேட்டா!

அந்தப் பொண்ணை எனக்கு அறிமுகப்படுத்தி வெச்சது ஒரு வாழைக்காய் பஜ்ஜி.

சிரிக்காதீங்க பாஸ், நிஜம்தான்! காலேஜ் கேட்டுக்கு எதிர்த்தாப்புல இருக்கிற டீக்கடை. சாயந்தரம் நாலரை மணி. ரெண்டு பஜ்ஜியை ஒரு பேப்பர்ல வெச்சு நீட்டினார் கடைக்கார அண்ணன். முதல் பஜ்ஜியை எடுத்ததும் கீழே எண்ணெய்க் கறையோட ஒரு முகம். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவோட ஜெராக்ஸ். பக்கத்துல பேர், அப்பா பேர், பிறந்த தேதி, வீட்டு விலாசம், செல் நம்பர், பத்தாவது மார்க், ப்ளஸ் டூ மார்க். ரெண்டாவது பஜ்ஜியை எடுத்தா, கீழே கையெழுத்து! கேம்பஸ் இன்டர்வியூவுக்காக எடுத்து, சரியா விழலைன்னு தூக்கிப் போட்ட பயோடேட்டாவா இருக்கணும்.

என் ரூம்மேட் எட்டிப் பார்த்துட்டு, "மச்சி, நம்பரெல்லாம் இருக்குடா!"ன்னான். அவன் ஜோக்காத்தான் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரலை. மிச்சமிருந்த டீயை அந்தப் பேப்பர் மேல ஊத்தி, கசக்கி, பொடிப்பொடியா பிச்சுப் போட்டேன். அண்ணன் ஒரு மாதிரி பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, பஜ்ஜி நல்லால்லீங்களா?"

பஜ்ஜி சூப்பராத்தான் இருந்துச்சு. எனக்குப் பேப்பரைப் பார்த்தாத்தான் பயம். ஏன்னு தெரியணும்னா நீங்க என்கூட கரூர் வரைக்கும் வரணும்.

ப்ளஸ் டூ முடிச்சு, இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்குக் காத்திட்டிருந்த நேரம். "சும்மாதானே உக்காந்திருக்கே, கட்டிலுக்கு அடியில கிடக்கிற குப்பையையாவது எடுத்துப் போடு"ன்னு அம்மா சொன்னாங்க. எடுத்தேன். என் பழைய நோட்டு, கைடு, தங்கச்சியோட டிராயிங் சார்ட், ரெண்டு வருஷத்துப் பேப்பர். கூடவே ஒரு நீலக் கலர் ஃபைல். அழகான, ஜிப் வெச்ச ஃபைல். கவுன்சலிங்குக்கு சர்ட்டிபிகேட் வெச்சு எடுத்துட்டுப் போக எனக்கு அப்படி ஒண்ணு தேவைப்பட்டுச்சு. உள்ளே இருந்ததை அப்படியே கொட்டினேன். பழைய பாஸ்புக், இன்ஷூரன்ஸ் ரசீது, ரேஷன் கார்டு ஜெராக்ஸ், அப்பாவோட பான் கார்டு ஜெராக்ஸ் நாலஞ்சு. எல்லாம் ஜெராக்ஸ்தானே, ஒரிஜினல் பீரோவுலதானே இருக்கு! எல்லாத்தையும் சாக்குல திணிச்சுக் கட்டி, வாசல்ல வந்த பழைய பேப்பர்க்காரர் தராசுல ஏத்திட்டேன்.

பதினோரு கிலோ. நூத்தி நாப்பது ரூபாய். அன்னிக்கு ராத்திரி பரோட்டா, சால்னா, ஆம்லெட்.

இது நடந்து ஒண்ணேகால் வருஷம் கழிச்சு, ரெண்டாவது வருஷ ஃபீஸுக்காக கல்விக் கடன் கேட்டு அப்பா, அம்மா, நான் மூணு பேரும் பேங்க்குக்குப் போனோம். கல்விக் கடன்ல அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போடணும்கிறதால அவரோட சிபில் ரிப்போர்ட்டையும் பார்ப்பாங்க. மேனேஜர் கம்ப்யூட்டரைத் தட்டினார். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் மானிட்டரை எங்க பக்கமா திருப்பினார்.

"சார், உங்க பேர்ல ரெண்டு லோன் கட்டாம நிக்குதே... ஒன்பதாயிரம் ஒண்ணு, ஆறாயிரத்து ஐநூறு ஒண்ணு. எட்டு மாசமா ஒரு ரூபாகூட கட்டலையே?"

ஏதோ ஒரு ஆப் கம்பெனி கொடுத்த கடன். எங்க அப்பா வெச்சிருக்கிறது பட்டன் போன் பாஸ்! அதுல ஆப்பும் கிடையாது, ஆப்பமும் கிடையாது. "நான் வாங்கலீங்களே..."ன்னு அவர் சொன்னதை மேனேஜர் நம்பினாரான்னு தெரியலை. ஸ்கோர் முந்நூறுல இருந்து தொள்ளாயிரம் வரைக்கும் போகும். அப்பாவுக்கு ஐநூத்திச் சொச்சம். "இதை கிளியர் பண்ணிட்டு வாங்க"ன்னு ஃபைலைத் திருப்பிக் கொடுத்துட்டார்.

பஸ்ல அம்மா ஒரு வார்த்தை பேசலை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டினதும் ஒரே ஒரு கேள்வி.

"மறுபடியும் உங்க தம்பிக்குத்தானா?"

இதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. எங்க சித்தப்பாவுக்கு அப்பா ஒரு தடவை ஜாமீன் கையெழுத்துப் போட்டு, அவர் கட்டாம விட்டு, அம்மாவோட நகை ரெண்டு வருஷம் அடகுக் கடையில இருந்துச்சு. அப்போ அப்பா, "இனிமே உனக்குத் தெரியாம ஒரு பேப்பர்லயும் கையெழுத்துப் போடமாட்டேன்"னு சொல்லியிருந்தார். இப்போ அம்மா கேட்டதுக்கு அவர் பதிலே சொல்லலை. பெட்ஷீட் எக்ஸ்போர்ட் கம்பெனியில செக்கிங் செக்‌ஷன்ல இருபத்திரண்டு வருஷமா நிக்கிற மனுஷன். துணியில ஒரு இழை விட்டுப் போனாலும் கண்டுபிடிச்சிடுவார். அவர் பேர்லயே ஓட்டை விழுந்திருந்தது மட்டும் அவருக்குத் தெரியலை.

அன்னிக்கு ராத்திரி பீரோவைத் திறந்து எதையோ தேடிட்டே இருந்தார். "இங்க ஒரு நீல ஃபைல் இருந்துச்சே... யாராச்சும் பார்த்தீங்களா?"

அந்த ஃபைல் என் ஹாஸ்டல் பேக்ல இருந்துச்சு. என் மார்க் ஷீட்டோட. நான் தூங்குற மாதிரி படுத்துக்கிட்டேன்.

இப்படி நடக்குறது எங்க வீட்ல மட்டும் இல்லை. 2022 பிப்ரவரியில நாடு முழுக்க ஏகப்பட்ட பேர், தங்களுக்கே தெரியாம தங்க பான் நம்பர்ல ஒரு ஆப் மூலமா கடன் வாங்கப்பட்டிருக்குன்னு புகார் சொன்னாங்க. அதுல ஒரு பிரபல நடிகையும் உண்டு. அடுத்தவங்க கையெழுத்தையோ, பாஸ்வேர்டையோ, அடையாள விவரத்தையோ ஏமாத்திப் பயன்படுத்தினா தகவல் தொழில்நுட்பச் சட்டத்தோட 66சி பிரிவுப்படி மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். சட்டம் இருக்கு. ஆனா யார் செஞ்சாங்கன்னு முதல்ல தெரியணுமே!

நாங்க சைபர் க்ரைம் போர்ட்டல்ல புகார் பதிஞ்சோம். சிபில் வெப்சைட்ல 'இது என் கடன் இல்லை'ன்னு ஆட்சேபம் போட்டோம். அந்த ஆப் கம்பெனிக்கு மெயில் மேல மெயில். டைப் பண்ணினது எல்லாம் நான்தான். மூணு வாரம் கழிச்சு அவங்க, "கடன் வாங்கியவர் கொடுத்த ஆவணம்"னு ஒரு ஸ்கேன் காப்பியை அனுப்பினாங்க. திறந்தேன்.

அப்பாவோட பான் கார்டு ஜெராக்ஸ். கீழே அப்பாவோட கையெழுத்து. வலது ஓரத்துல மேல இருந்து கீழ வரைக்கும் மெல்லிசா ஒரு கறுப்புக் கோடு.

அந்தக் கோட்டை எனக்கு நல்லாத் தெரியும். எங்க தெருமுனை ஜெராக்ஸ் கடை மெஷின்ல எது எடுத்தாலும் அந்தக் கோடு விழும். என் டிசியில இருந்து தங்கச்சி சாதிச் சான்றிதழ் வரைக்கும் எங்க வீட்டு ஜெராக்ஸ் எல்லாத்துலயும் அது உண்டு. சாக்குல போட்ட காப்பிகள்லயும் இருந்துச்சு. ஆனா, அதே கோட்டோட காப்பிகளை சிம் கார்டு கடையில கொடுத்திருக்கோம், கேஸ் ஏஜென்ஸியில கொடுத்திருக்கோம், டிவிஎஸ் 50 வாங்கும்போது ஃபைனான்ஸ்ல கொடுத்திருக்கோம், என் காலேஜ் அட்மிஷனுக்கும் கொடுத்திருக்கோம். எது எந்தக் கையில இருந்து எந்தக் கைக்குப் போச்சு? இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் வித்ததா இல்லாமலும் இருக்கலாம். அந்த 'இருக்கலாம்'தான் என்னைத் தூங்கவிடலை.

அந்த வாரக் கடைசியில ஊருக்குப் போய் அப்பாகிட்ட சொல்லிட்டேன். திண்ணையில உக்காந்து பீடி பத்த வெச்சுட்டிருந்தார். ஃபைலை எடுத்தது, கொட்டினது, சாக்குல கட்டினது, எல்லாம் சொன்னேன். திட்டுவார்னு நினைச்சேன். அடிச்சாலும் வாங்கிக்கிற மூடுலதான் இருந்தேன்.

"எத்தனை கிலோ இருந்துச்சு?"ன்னார்.

"பதினொண்ணுப்பா."

"எவ்வளவு கொடுத்தான்?"

"நூத்தி நாப்பது."

"ஏமாத்திப்புட்டான்"னார். அப்புறம் கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துட்டிருந்தார். "அம்மாகிட்ட நீயே சொல்லிரு கண்ணு."

சொன்னேன். அம்மா என்னை எதுவும் சொல்லலை. உள்ளே போய் காபி போட்டு எடுத்துட்டு வந்து, அப்பா கையில கொடுத்தாங்க. மூணு வாரமா டம்ளரைத் தரையில 'டங்'குன்னு வெச்சுட்டுப் போயிட்டிருந்தவங்க.

அந்த ரெண்டு கடனும் ரிப்போர்ட்ல இருந்து நீங்க ரெண்டரை மாசம் ஆச்சு. அதுக்குள்ள ஃபீஸ் கட்டுற தேதி தாண்டிடுச்சு. அப்பா கம்பெனி முதலாளிகிட்ட அட்வான்ஸ் வாங்கித்தான் கட்டினார். அதுக்கு ஒரு வருஷம் சம்பளத்துல பிடிச்சாங்க. (இப்போ ரிசர்வ் வங்கி விதி மாறியிருக்கு. இப்படி ஒரு புகாரை முப்பது நாளைக்குள்ள தீர்க்கலைன்னா, அதுக்கு மேல ஒவ்வொரு நாளைக்கும் நூறு ரூபாய் நஷ்டஈடு தரணும். 2024 ஏப்ரல்ல இருந்து நடைமுறையில இருக்கு.)

இப்ப மறுபடி நம்ம டீக்கடைக்கு வருவோம். "இந்தப் பேப்பரெல்லாம் எங்கிருந்துண்ணா வாங்குறீங்க?"ன்னு கேட்டேன். அவர் கையை நீட்டின திசையில எங்க காலேஜ் ஜெராக்ஸ் கடை! மெஷினுக்குக் கீழே ஒரு அட்டைப் பெட்டி. கோணலா விழுந்தது, மங்கலா விழுந்தது, ஒரு காப்பி கூடுதலா விழுந்தது எல்லாம் அதுக்குள்ள. வாரக் கடைசியில எடைக்குப் போயிடும்.

அதைவிடப் பெரிய ஷாக் அந்தக் கடை கம்ப்யூட்டர்ல. நாமதான் இப்பெல்லாம் வாட்ஸ்அப்ல அனுப்பி, 'அக்கா, ரெண்டு காப்பி'ன்னு சொல்லிட்டு வந்துடறோமே! ஆதார், மார்க் ஷீட், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம்னு ஆயிரக்கணக்குல கிடக்குது. "தினம் நூறு பேர் அனுப்புறாங்க. யாரு தம்பி உக்காந்து அழிக்கிறது?"ன்னாங்க அந்த அக்கா. நியாயம்தான். "என்னோடது இருந்தா நானே அழிச்சுக்கிறேன்க்கா"ன்னு உக்காந்தேன். ஊருக்கே உபதேசம் பண்ற என்னோட ஆதார் மட்டும் மூணு இடத்துல இருந்துச்சு!

இதை எங்க ஆசிரியர் குழு மீட்டிங்ல சொன்னப்போ, "கிழிச்சுப் போடுறதைப் பத்தி நீயே எழுது"ன்னுட்டாங்க. கிழிக்கிறதுல என்ன இருக்கு, நாலா மடிச்சுக் கிழிச்சா போச்சுன்னு நினைச்சேன். தோண்டினா உள்ளே பெரிய கதையே இருக்கு.

காகிதத்தைத் துண்டாக்குற மெஷினுக்கு 1909-லேயே அமெரிக்காவுல பேடன்ட் வாங்கிட்டார் அபட் லோ. ஆனா அது தயாரிப்புக்கு வரவே இல்லை. 1935-ல ஜெர்மனியில அடால்ஃப் எஹிங்கர்ங்கிறவர், நாஜிக்களுக்கு எதிரான காகிதங்கள் வீட்டுக் குப்பையில இருந்ததால மாட்டிக்க இருந்து, நூடுல்ஸ் வெட்டுற கை மெஷினைப் பார்த்து இதைச் செஞ்சார்னு சொல்றாங்க. நம்ம ஊரா இருந்தா இடியாப்ப உழக்கைப் பார்த்திருப்பார்!

நீள நீளமா வெட்டினா போதுமா? 1979 நவம்பர்ல ஈரான்ல, டெஹ்ரான்ல இருந்த அமெரிக்கத் தூதரகத்துக்குள்ள மாணவர்கள் புகுந்தாங்க. உள்ளே இருந்தவங்க ரகசியக் காகிதங்களை அவசர அவசரமா மெஷின்ல விட்டு நாடா நாடாவா வெட்டிட்டாங்க. ஆனா ஈரான் எது தெரியுமா? கம்பளம் நெய்யுற ஊர்! கம்பளம் நெய்யுறவங்களை உக்கார வெச்சு, ஒவ்வொரு நாடாவா பக்கத்துல பக்கத்துல வெச்சு, முழுப் பக்கமா ஒட்டிட்டாங்க. அதைப் புத்தக வரிசையாவே அச்சடிச்சு வெளியிட்டாங்க. 2012-ல வந்த 'ஆர்கோ' படத்துல இந்தக் காட்சி வரும். எங்க அப்பா அந்த ஊர்ல பிறந்திருந்தா அவரையும் கூப்பிட்டிருப்பாங்கன்னு நினைக்கிறேன்.

கொஞ்சம் கணக்கு. ஏ4 பேப்பரோட அகலம் 210 மில்லிமீட்டர். ஆறு மில்லிமீட்டர் நாடாவா வெட்டினா 35 நாடாதான். ஒரு மழை நாள் சாயந்தரம் போதும், ஒட்டிடலாம். குறுக்கேயும் வெட்டுற மெஷின்ல, ஜெர்மன் தர அளவு பி-4-ன்னா ஒரு துண்டு 160 சதுர மில்லிமீட்டருக்கு மேல இருக்கக் கூடாது. ஒரு தாள் கிட்டத்தட்ட 390 துண்டாகும். உச்சபட்சமான பி-7-ல ஒரு துண்டு அஞ்சு சதுர மில்லிமீட்டர்தான். அப்படின்னா ஒரு தாளுக்குப் பன்னிரண்டாயிரம் துண்டுக்கு மேல! அதுக்காக துண்டாக்கிட்டா எல்லாம் முடிஞ்சதுன்னும் சொல்ல முடியாது. 2011-ல அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா ஒரு போட்டி வெச்சுச்சு. அஞ்சு புதிர், மொத்தம் பத்தாயிரத்துக்கும் மேல துண்டு. சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஒரு குழு, கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதி 33 நாள்ல எல்லாத்தையும் ஒட்டி ஐம்பதாயிரம் டாலரைத் தட்டிட்டுப் போச்சு.

நம்ம கிழிசலை ஒட்ட யாரும் புரோகிராம் எழுதப்போறதில்லை, கவலைப்படாதீங்க. திருடனுக்குச் சுலபமா கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான். ஹாஸ்டல் பாக்கெட்மணியில நல்ல மெஷின் வாங்குறதும் நடக்காத காரியம். கத்தரிக்கோல் போதும். ஆனா எங்கே வெட்டுறோம்கிறதுதான் விஷயம். நம்பருக்கு நடுவுல வெட்டணும், கையெழுத்துக்கு நடுவுல வெட்டணும், போட்டோவுக்கு நடுவுல வெட்டணும். நீளவாக்குல மட்டும் வெட்டாம குறுக்கேயும் வெட்டணும். பாதியை ஒரு குப்பைத் தொட்டியில, பாதியை வேற தொட்டியில போட்டா இன்னும் நல்லது. பழைய ஏடிஎம் கார்டுன்னா சிப்பையும் பின்னால இருக்கிற கறுப்புப் பட்டையையும் வெட்டணும். கூரியர் பெட்டியில ஒட்டியிருக்கிற விலாசத்தை உரிச்சிடணும். அதுல உங்க நம்பர் இருக்கு, நீங்க என்ன வாங்கினீங்கன்னும் சில சமயம் இருக்கு!

ஒண்ணு முக்கியம்: கிழிக்கிற வேகத்துல ஒரிஜினலைக் கிழிச்சிடாதீங்க. எங்க ஹாஸ்டல்ல ஒரு சீனியர் தன்னோட டிசியையே கிழிச்சுட்டு, அலையாத ஆபீஸ் இல்லை.

வெளியே கொடுக்கிற காப்பியிலயும் கவனம் வேணும். ஆதார் வெப்சைட்ல முதல் எட்டு எண்ணை மறைச்சு, கடைசி நாலு எண்ணை மட்டும் காட்டுற ஆதாரை டவுன்லோட் பண்ணிக்கலாம். 2022 மே 27-ம் தேதி ஆதார் ஆணையத்தோட பெங்களூரு அலுவலகம், 'ஜெராக்ஸை யாருக்கும் கண்டபடி கொடுக்காதீங்க, மறைச்ச ஆதாரைக் கொடுங்க'ன்னு ஒரு அறிவிப்பு விட்டுச்சு. ரெண்டே நாள்ல, தப்பா புரிஞ்சுக்கப்படலாம்னு சொல்லி மத்திய அரசு அதை வாபஸ் வாங்கிடுச்சு. மறைச்ச ஆதார் வசதி இன்னமும் இருக்கு, நான் அதைத்தான் கொடுக்கிறேன். கூடவே, ஜெராக்ஸ் மேல குறுக்கா 'சிம் கார்டுக்கு மட்டும்'னு தேதியோட எழுதிக் கையெழுத்துப் போடுறேன். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

உங்க பேர்ல எத்தனை செல் நம்பர் ஓடிட்டிருக்குன்னு தெரியுமா? மத்திய தொலைத்தொடர்புத் துறையோட 'சஞ்சார் சாத்தி' வெப்சைட்ல பார்க்கலாம், 2023-ல இருந்து இருக்கு. நமக்குச் சம்பந்தமில்லாத நம்பர் இருந்தா அங்கேயே சொல்லிடலாம். கிரெடிட் ரிப்போர்ட்டை வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு நிறுவனமும் இலவசமா தரணும்கிறது 2017-ல இருந்தே ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. உங்களுக்குக் கடன் இல்லைன்னாலும் பாருங்க. உங்க அப்பா, அம்மாவுக்கும் எடுத்துப் பாருங்க. எங்க அப்பாவுக்கு முன்னாடியே பார்த்திருந்தா, பேங்க் மேனேஜர் மானிட்டரைத் திருப்பும்போது அவர் முகம் அப்படிப் போயிருக்காது. பணம் போயிருந்தா உடனே கூப்பிட வேண்டிய நம்பர் 1930.

கடைசியா எங்க வீட்டு டெக்னாலஜி. போன செமஸ்டர் லீவுல வீட்ல மிச்சமிருந்த காகிதத்தையெல்லாம் உக்காந்து வெட்டி, ஒரு பக்கெட் தண்ணியில ஊறப் போட்டேன். மறுநாள் பார்த்தா, பேனா மை கரைஞ்சிடுச்சு, ஜெராக்ஸ் எழுத்து அப்படியே பளிச்சுன்னு நிக்குது! அப்புறம்தான் உறைச்சது. ஜெராக்ஸ்ல இருக்கிறது மை இல்லை, பிளாஸ்டிக் பொடி. சூட்டுல உருக்கிக் காகிதத்தோட ஒட்டியிருக்காங்க. தண்ணிக்கு அது அசையாது. மூணு வருஷம் இன்ஜினீயரிங் படிச்சும் பக்கெட்டைப் பார்த்தப்புறம்தான் புரியுது.

பக்கெட்டைக் கிளறிட்டு முழிச்சதைப் பார்த்துட்டு அப்பாயி வந்தாங்க. "இதை எதுக்கு சாமி வீணாக்குற? கொண்டா இங்க"ன்னு, வெந்தயத்தை ஊறப் போட்டு, காகிதத்தையும் சேர்த்து ஆட்டுக்கல்லுல போட்டு நைஸா ஆட்டிட்டாங்க. (பளபளன்னு இருக்கிற ஏடிஎம் ரசீதை மட்டும் நான் முன்னாடியே பொறுக்கிட்டேன். அதுல பூசியிருக்கிறது ரசாயனம். அதை இஸ்திரிப் பெட்டி சூட்டுல காட்டினா முழுசா கறுத்துடும், எழுத்தே தெரியாது.) சாம்பல் கலர்ல ஒரு கூழு. அதைப் பழைய மூங்கில் முறத்துல பூசி, வெயில்ல காய வெச்சாங்க. ஓட்டையெல்லாம் அடைஞ்சு முறம் கல்லு மாதிரி ஆயிடுச்சு.

அப்பா வேலையில இருந்து வந்ததும் அதைக் கையில எடுத்து, வெளிச்சத்துல பிடிச்சு, துணி செக் பண்ற மாதிரியே திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு எண்கூட தெரியலை. "பாஸ்"னு சொல்லிட்டு அம்மாகிட்ட கொடுத்தார். அம்மா இப்போ அதுலதான் அரிசி புடைக்கிறாங்க.

நேத்து போன் பண்ணினப்போ அப்பாயி கேட்டாங்க: "கூடை ஒண்ணு ஓட்டையா கிடக்கு சாமி. உங்க காலேஜ்ல அந்த மாதிரி பேப்பர் இன்னும் இருக்குதா?"

ஒரு அட்டைப் பெட்டி நிறைய இருக்குன்னு சொல்லியிருக்கேன். ஜெராக்ஸ் கடை அக்கா, கிலோ பத்து ரூபாய்னு பேசி முடிச்சிருக்காங்க.